பூட்டிய வீட்டுக் கிணற்று மீன்கள்

எங்கள் வேலிக்கு அடுத்த வளவில் இருந்த அக்காவுக்கு வெறுமையாகக் கிடக்கிற எதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பால்மா ரின் முடிந்தால் அன்றைக்கே அந்தத் தகரத்தில் மண் போட்டுக் கறிவேப்பிலைக் கன்று வைத்துவிடுவார். எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் குசினிக்குள் போய்த் தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கிப் பார்ப்பார். குறைந்திருந்தால் நிரப்பி வைத்துவிட்டுத்தான் அம்மாவோடு கதைக்கத் தொடங்குவார். கடலுக்குப் போய்த் திரும்பி வராத அவருடைய கணவரின் கட்டிலில் வெங்காயம் பரப்பியிருந்தார். ஊரில் யாரும் அதைப் பற்றி அவரிடம் கேட்டதில்லை. பதின்மூன்று வயதில் நான் ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"கட்டில் சும்மா கிடந்தால் பூனை படுக்கும்," என்றார்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டிய இடத்தில் எழுதாமல் விட்டேன். இனி எழுதி ஆவது ஒன்றுமில்லை.

யுத்தத்தால் இடம்பெயர்ந்திருந்த நாங்கள் தொண்ணூற்றாறில் யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள எங்கள் தீவுக்குத் திரும்பி வந்தபோது எங்கள் ஒழுங்கையில் இருந்த இருபத்தொரு வீடுகளில் ஆறில்தான் ஆட்கள் இருந்தார்கள். மற்றவை பூட்டிக் கிடந்தன. சொந்தக்காரர்கள் கனடாவில், பாரிஸில், கொழும்பில். அந்தப் பதினைந்து வீட்டுப் பூட்டுகளின் திறப்புகளும் ஒவ்வொன்றாக அக்காவிடம் வந்து சேர்ந்தன. வாரம் ஒரு முறை எல்லா வீட்டையும் திறந்து காற்று விட்டு, கூட்டிப் பூட்டுவார். சைவ வீடுகளில் வெள்ளிக்கிழமை விளக்கும், எங்களைப் போன்ற வேதக்கார வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மெழுகுதிரியும் அவரே கொளுத்துவார். "பதினைஞ்சு வீட்டுக்காரி வாறா, கதிரையைத் துடைச்சு விடுங்கோ," என்று ஐயா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பகிடி பண்ணுவார். "உங்களுக்கு ஒரு வீட்டையே கூட்ட ஆளில்லை எண்ட எரிச்சல்," என்பார் அக்கா.

அந்த வீட்டுக் கிணறுகளில் நுளம்பு பெருகி மலேரியா வராமல் இருக்கச் சுகாதாரப் பகுதியினர் வந்து சின்னச் சின்ன மீன்களை விட்டிருந்தார்கள். கிணற்றில் மீன் ஓடினால் தண்ணீர் நல்லது என்பது அதற்குப் பிறகு எங்கள் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். தண்ணீர் அள்ளுமுன் எட்டிப் பார்த்து மீன் தெரிகிறதா என்று தேடுவோம். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் நடந்ததற்கு இதுதான் அடி.

இரண்டாயிரத்திரண்டில் யுத்தநிறுத்தம் வந்து கொழும்புப் பாதை திறந்த பிறகு நான் யாழ்ப்பாணத்தில் தங்கி, தொழில்நுட்பக் கல்லூரியில் குடிசார் பொறியியல் டிப்ளோமா படித்தேன். பின்னேரங்களில் ஒரு நெற் கஃபேயில் வேலை. வெளிநாட்டுக்கு நெற்றில் கதைக்க வருகிறவர்கள்தான் அங்கே அதிகம். ஒரு நாள் அக்காவும் வந்தார். கனடாவில் இருந்த ரீச்சர் ஒருவரோடு, பூட்டிக் கிடந்த அவருடைய வீட்டின் ஓடு மாற்றுவது பற்றிக் கதைக்க வேண்டும். லைன் கிடைக்கும்வரை என் பக்கத்தில் இருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, உது எங்கட கிணத்து மீனெல்லே?"

"ஓம் அக்கா. கப்பி. கொழும்பில நெற்றில போட்டு விக்கினம்."

"ஆர் வாங்கிறது?"

"வீட்டில கண்ணாடித் தொட்டி வைச்சிருக்கிற ஆக்கள்."

"குழம்பு வைக்கவோ?"

"இல்லை அக்கா. பாக்கிறதுக்கு."

"பாக்கிறதுக்கு," என்று அவர் மெதுவாகத் திரும்பச் சொன்னார். "கடல்ல இறங்கிறதுக்கு எங்கட ஆம்பிளையள் நேவிக்காரரிட்டைப் பாஸ் கேட்டு வரிசையில நிக்கினம். பாக்கிற மீனுக்கு பாஸ் வேண்டாம்தானே?"

கனடாவுக்கு லைன் கிடைத்தபோது ஓடுகளைப் பற்றி ஒரு நிமிடமும் கிணற்றைப் பற்றி ஒன்பது நிமிடமும் கதைத்தார். "ரீச்சர், கிணறு சும்மாதானே கிடக்குது," என்று அவர் சொன்னது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அப்படித்தான் தொடங்கியது. காசு கேட்காத ஒரு தளத்தில் நான் ஒரு பக்கம் செய்து கொடுத்தேன். கமெராவைக் கடன் வாங்கிப் படம் எடுத்தேன். ஆறு மாதத்தில் அக்காவின் தொழில் எட்டுக் கிணறும் நாலு குளிப்புத் தொட்டியும் அளவுக்குப் பெருகிவிட்டது. எந்தக் கிணற்றில் எந்த மீன் என்று நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். ரீச்சர் வீட்டுக் கிணற்றில் கப்பி. சங்கக்கடை மனேஜர் வீட்டுத் தொட்டியில் வாள் போல நீண்ட வால் உள்ள மீன். பாரிஸ்காரர் வீட்டுக் கிணற்றிலும் அதற்கடுத்த இரண்டு கிணறுகளிலும் தொட்டி துடைப்பான். இந்தக் கடைசி மீனைக் கொழும்பு வியாபாரி ஒருவர் கப்பிக்கு மாற்றாக அனுப்பியிருந்தார். கறுப்பு நிறம், ஓடு போன்ற தோல், செட்டையில் முள், வயிற்றுப் பக்கமாக வாய். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைச் சூப்பி எடுக்கும். நல்ல கிராக்கி இருந்தது.

விளம்பரத்தை நான்தான் எழுதினேன். "எந்தத் தண்ணீரிலும் வாழும். தனியாகப் பராமரிக்கத் தேவையில்லை. இலகுவில் சாகாது." மூன்றும் உண்மை.

ஐயாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. "கடல்ல பிடிக்க ஏலாது எண்டு கிணத்தில பிடிக்கிறா. நாளைக்குக் குடத்துக்குள்ள வலை போடுவா," என்பார்.

"உங்கட குடத்தையும் தாருங்கோ அண்ணை. அதுவும் சும்மாதானே கிடக்குது," என்பார் அக்கா. ஐயாவின் வழுக்கைத் தலையைத்தான் சொல்கிறார் என்று அம்மாவுக்குப் பிறகுதான் விளங்கியது.

மீனைப் பொலித்தீன் பையில் கட்டி, பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் அடுக்கி, யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து கொழும்பு பஸ்ஸில் ஏற்றுவார். தீவுப் பாலத்தடி இராணுவச் சோதனைச்சாவடியில் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். ஒருமுறை நானும் கூடப் போனேன். காவலில் நின்ற சிங்களப் பெடியன் ஒரு பையைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தான். நீண்ட நேரம் பார்த்தான். பின்னால் பஸ்காரர் ஹோர்ன் அடித்தார். அக்கா சாவடிக்குள் எட்டிப் பார்த்து, அங்கே கிடந்த வெறும் ஜாம் போத்தலைக் கையால் காட்டிக் கேட்டு வாங்கி, தண்ணீர் விட்டு, இரண்டு கப்பியை அதற்குள் விட்டுக் கொடுத்தார். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கினான்.

பஸ்ஸில் நான் பெட்டியைத் திரும்பக் கட்டினேன். அவரே சொன்னார்: "எனக்கு அவனில என்ன விருப்பம்? போத்தல் சும்மா கிடந்துது."

எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டிய ஒன்று உண்டு. வாங்கியவர்கள் ஆறேழு மாதம் கழித்து எழுதத் தொடங்கினார்கள். தொட்டி துடைப்பான் ஒரு முழத்துக்கு வளர்ந்துவிட்டது, தொட்டிக்குள் திரும்ப இடமில்லை, மற்ற மீன்களை இடிக்கிறது, என்ன செய்வது? நான் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"பக்கத்தில நல்ல தண்ணி எங்கையும் இருந்தால் விடச் சொல்லு. பாவம், சாகவிடாமல்."

நான் அதை நல்ல தமிழிலும், தேவைப்பட்டவர்களுக்கு நல்ல ஆங்கிலத்திலும் எழுதி அனுப்பினேன். பதினொரு பேருக்கு. வவுனியா, நீர்கொழும்பு, குருநாகல் என்று ஊர்களும் என் பட்டியலில் இருக்கின்றன. அந்த ஊர்களின் குளங்களை நான் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்து ஆறில் திரும்பவும் சண்டை தொடங்கிப் பாதை மூடியது. போன் இல்லை, நெற் இல்லை, கொழும்பு பஸ் இல்லை. கஃபேயைப் பூட்டிவிட்டு நான் தீவுக்குத் திரும்பினேன். கிணறுகளில் மீன் பெருகிக்கொண்டே இருந்தது. சமைக்கலாமா என்று அக்கா ஒரு தொட்டி துடைப்பானை வெட்டிப் பார்த்தார். எங்கள் ஊர்ப் பெண்கள் அரிவாளில் திருக்கையும் சுறாவும் வெட்டி வளர்ந்தவர்கள். அக்காவின் அரிவாள் அதில் வழுக்கி அவருடைய பெருவிரலைக் கிழித்தது. தலையைப் பூனைக்குப் போட்டார். பூனை மணந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அந்த ஆவணியில் ஷெல் அடியால் கரையோரக் கிராமங்களில் இருக்க முடியாமல் போன சனம் எங்கள் மாதா கோயிலுக்கு வந்து இறங்கியது. நாற்பது குடும்பத்துக்கு மேல். அக்கா ஒருவரையும் கேட்கவில்லை. திறப்புக் கோர்வையை எடுத்துக்கொண்டு வந்து வீடு வீடாகத் திறந்துவிட்டார். சொந்தக்காரரிடம் கேட்க வேண்டாமா என்று பங்குச் சுவாமியார் தயங்கினார். "கேக்கிறதுக்குப் போன் இல்லை சுவாமி. கேட்டாலும் ஓம் எண்டுதான் சொல்லுவினம்," என்றார். அன்றைக்குப் பின்னேரம் அந்த ஒழுங்கையில் எல்லாக் குசினியிலும் புகை வந்தது. அவ்வளவு சந்தோசமாக நான் அவரைப் பார்த்ததில்லை.

ஆனால் ஆள் குடியேறினால் கிணறு இறைக்க வேண்டும். நெடுநாள் பாவிக்காத கிணற்றை முழுதாக இறைத்து, ஊற்றுத் தண்ணீர் வந்த பிறகுதான் எங்கள் பக்கத்தில் குளிக்கவும் அள்ளுவார்கள். எட்டுக் கிணறும் அடுத்தடுத்த நாட்களில் இறைபட்டது. கப்பியைப் பிள்ளைகள் போத்தல்களில் பங்குபோட்டுக்கொண்டார்கள். தொட்டி துடைப்பான்கள் வாளி வாளியாக வந்துகொண்டே இருந்தன. நானும் பிடித்துக் கொடுத்தேன். நூற்று நாற்பது வரை எண்ணினேன்.

"அக்கா, உதெல்லாத்தையும் என்ன செய்யிறது?"

"குளத்தில விடுவம். பாதை திறக்கும்வரைக்கும்தானே. திறந்தவுடனே வலைபோட்டு எடுக்கலாம்."

"குளத்தடிக் கிணத்துத் தண்ணிதான் ஊர் முழுக்கக் குடிக்குது அக்கா."

"அதுக்கென்ன? மீன் நிண்டால் தண்ணி நல்லம். அதை நானா சொன்னனான்? சுகாதாரக்காரர் சொன்னது."

நான் டிப்ளோமா முடித்திருந்தேன். அதில் மண்ணைப் பற்றியும் கொங்கிறீற்றைப் பற்றியும் படித்திருந்தேன். மீனைப் பற்றி ஒன்றும் படிக்கவில்லை. வாளியின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன், மறுபக்கத்தை அவர் பிடித்தார்.

குளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரின் மேற்கில் ஒரு மண் அணை. அணைக்கு அந்தப் பக்கம் உவர் படிந்த வெறும் தரவை நிலம், அதற்கப்பால் கடல். மாரியில் குளம் நிறைந்து நின்றால் அந்த நீர் நிலத்துக்குள் இறங்கி, அடியில் உள்ள உப்பு நீரைத் தள்ளி வைத்திருக்கும். அதனால்தான் குளத்தடிக் கிணறு இனிக்கும். தீவில் வேறெங்கே தோண்டினாலும் உப்புச் சவர்தான். வீட்டுக் கிணறுகள் குளிக்கவும் தோய்க்கவும். குடிக்க அந்த ஒன்று.

இரண்டு வருடத்தில் குளம் மாறியது. முதலில் தண்ணீர் கலங்கி நின்றது. பிறகு ஆம்பல் குறைந்தது. தூண்டில் போட்டவர்களுக்கு விரால் கிடைக்காமல் போனது. ஐயா வீச்சுவலை எறிந்தார். வலை முள்ளில் சிக்கிக் கிழிந்து வந்தது. "உன்ரை கூட்டாளி வளக்கிற மீன் மனிசரைத் திங்காமல் இருந்தால் சரி," என்றார். இந்த முறை அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. ஒரு நாள் கரையில் நீர்க்காகம் ஒன்று தொண்டையில் அந்த மீன் இறுகி, வாயைப் பிளந்தபடி செத்துக் கிடந்தது. அக்கா பக்கத்தில் குந்தி இருந்து நெடுநேரம் அதைப் பார்த்தார்.

"ஆவலாதி பிடிச்ச குருவி, கண்டதையும் விழுங்கிறது," என்றார் கடைசியில். குரலில் நம்பிக்கை இல்லை.

அப்போது நான் உள்ளூராட்சி அலுவலகத்தில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். தற்காலிக நியமனம். இரண்டாயிரத்து எட்டின் கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. மூன்றாம் நாள் காலையில் அணை உடைந்தது. மத்தியானத்துக்குள் ஊரின் ஒரு வருடத் தண்ணீர் தரவையில் பரவிக் கடலுக்குப் போய்விட்டது.

மேலதிகாரிக்கு வர வசதிப்படவில்லை. பார்த்து அறிக்கை எழுதும்படி என்னை அனுப்பினார்கள். உடைந்த இடத்தின் இரண்டு பக்கத்திலும் அணை வெட்டிவைத்த பாண் ரொட்டி போலத் தெரிந்தது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வரிசை வரிசையாகத் துளைகள். ஒரு துளைக்குள் கையை விட்டேன். முழங்கை வரை போனது. இன்னொன்றில் தோள் வரை. அந்த மீன்கள் முட்டையிடக் கரையைக் குடைந்திருக்கின்றன. பத்து மீற்றர் நீளத்தில் அறுபத்திரண்டு துளைகளை எண்ணினேன். குளத்தின் நடுவில் பள்ளமான இடத்தில் முழங்காலளவு தண்ணீர் எஞ்சியிருந்தது. அது முழுக்கக் கறுப்பு முதுகுகள் அசைந்தன.

செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒன்று, எஞ்சிய தண்ணீரை இறைப்பது. இரண்டு, சுண்ணாம்பு போட்டு மீனை முழுதாக அழிப்பது. மூன்று, துளைபட்ட அணையை அடியோடு வெட்டி எடுப்பது. நான்கு, உட்பக்கத்துக்குக் கல் பதித்துக் கட்டுவது. இவற்றைக் கேட்க வேண்டுமானால் காரணத்தை எழுத வேண்டும். காரணத்தை எழுதினால் மீன் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

அன்றைக்குப் பின்னேரம் குளத்தடியில் சனம் கூடி நின்றது. வயதுபோன ஒரு மனுசி வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதார். அக்கா தள்ளி நின்றார். அவரைப் பார்த்தேன். திறப்புக் கோர்வை கையில் இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல நின்றார். நான் வீட்டுக்குப் போய் அறிக்கையை எழுதினேன். உடைவுக்கான காரணம் என்ற இடத்தில் 'தொடர் கனமழை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

மழை என்றபடியால் அவசர நிதி கெதியாகக் கிடைத்தது. உடைந்த இடத்துக்கு மட்டும் மண் போட்டு இறுக்கினார்கள். மாசியில் பெய்த கொஞ்ச மழைக்குக் குளத்தில் இடுப்பளவு தண்ணீர் சேர்ந்தது. பள்ளத்தில் இருந்த மீன் பரவியது. வைகாசியில் யுத்தம் முடிந்தது என்றார்கள். ஆடியில் தண்ணீர் வற்றி இறங்கியபோது புது மண்ணிலும் துளைகள் தெரிந்தன. உப்பு அளக்கும் கருவியைக் குளத்தடிக் கிணற்றில் இறக்கினேன். கருவி காட்டியதைப் பார்த்துவிட்டும் நம்பாமல் கையில் அள்ளி வாயில் வைத்தேன். துப்ப வேண்டியிருந்தது. அந்த வாரத்திலிருந்து ஊருக்குத் தண்ணீர் ஏற்றிய பவுசர் லொறி வரத் தொடங்கியது.

அக்கா அலுவலகத்துக்கு வந்தது அதற்கடுத்த திங்கட்கிழமை. கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"அணை உடைஞ்சதுக்கு நீ என்ன எழுதினனீ?"

"மழை எண்டு."

"வேறை?"

"வேறை ஒண்டும் எழுதேல்லை அக்கா."

"நான் நேற்றுப் போய்ப் பாத்தனான். ஓட்டைக்குள்ள கை விட்டுப் பாத்தனான். நீயும் விட்டிருப்பாய்தானே?"

"ஓம்."

"பிறகேன் எழுதேல்லை?"

"உங்களை ஆக்கள்..." என்று தொடங்கினேன்.

"என்னை என்ன செய்வினம்? ஏசுவினம். ரெண்டு மாசம் கதைக்காமல் விடுவினம். அதுக்குப் பிறகு தண்ணி குடிச்சிருப்பினம்."

சத்தம் போடவில்லை. மற்ற மேசைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மாத்தி எழுத ஏலாதோ?"

ஏலாது என்றேன். நிதி மழைக்கென்று வந்து செலவாகிவிட்டது. கையெழுத்து என்னுடையது. அடுத்த மாதம் என் நியமனத்தை நிரந்தரமாக்குவது பற்றித் தீர்மானிக்க இருந்தார்கள். முதல் இரண்டையும் அவரிடம் சொன்னேன்.

அடுத்த நாள் பவுசர் வரிசையில் அக்கா எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அந்த மீனைக் குளத்தில் விட்டது தான் என்றும், அதுதான் அணையைக் குடைந்தது என்றும், உடனே அதை அழிக்காவிட்டால் இந்த மாரியிலும் குளம் நில்லாது என்றும். முன்னால் நின்ற மனுசி, அக்கா திறந்துவிட்ட வீடொன்றில் மூன்று வருடமாகக் குடியிருப்பவர், திரும்பி வந்து அக்காவின் தோளில் கை வைத்தார்.

"உனக்கென்ன விசரே? எங்களுக்கு வீடு தந்தனீ. ஊர்ப் பழியையும் தலையில போடப்போறியோ? மீன் எங்கையாவது அணையை உடைக்குமே?"

"உடைக்கும். நான் கை விட்டுப் பாத்தனான்."

"அது நண்டு வளையாயிருக்கும். படிச்ச பிள்ளை அளந்து பாத்து மழை எண்டு எழுதியிருக்குது." பிறகு, வாளியோடு பின்னால் நின்ற என்னைத் தேடிப் பார்த்தார். "என்ன பிள்ளை, மழைதானே?"

எல்லோரும் திரும்பினார்கள். அக்காவும் திரும்பினார்.

"ஓம்," என்றேன்.

வரிசை நகர்ந்தது. அக்கா குனிந்து தன் வாளியைத் தூக்கி ஓரடி முன்னால் வைத்தார்.